பால்மரத்துக்கு மேலே வானம்

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் சில வாரங்களாகச் சத்தம் போடுகிறது. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு நன்றாகக் கேட்கிறது. நான்கு தட்டு, கொஞ்ச நேரம் மௌனம், மறுபடி இரண்டு தட்டு. கூலிம் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் இயந்திரங்களோடு நின்றவன் நான். சீராக வரும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சீர் கெட்டால் நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம்.

அதற்குள் இருப்பது ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்டது. அடுத்த வருடம் பினாங்கு கொம்தாரில் வாங்கினேன், இரண்டு டிவிடி. அதிலிருந்து இன்றுவரை கெடாவின் வானத்தில் நான் பறந்த நேரம் 1,312.6 மணி. இதை நான் கணக்குப் போடவில்லை, சிமுலேட்டரின் பறத்தல் பதிவேடு தானாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒரு தடவைகூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஆனாலும் அந்த மணிகளை விளையாட்டுக் கணக்கில் என்னால் சேர்க்க முடியவில்லை.

புதுக் கணினி மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. டிவிடி போட அதில் வாயே இல்லை.

*

நான் பிறந்தது பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். பால்மரக் காட்டுக்குள் வானம் கிடையாது. அண்ணாந்தால் இலை. விடிந்து வெகு நேரமாகியும் அடியில் மங்கலாகவே இருக்கும்.

1970களில் பட்டர்வொர்த் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப் படை இருந்தது. 1988இல்தான் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிடம் மிராஜ் போர் விமானங்கள் இருந்தன. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போய் ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருப்பேன். திடீரென்று காடே கிழிவதுபோல ஒரு சத்தம் வரும். எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது, ஒன்றும் தெரியாது. மங்குக்குள் பால் நடுங்கும். அப்பா நிமிர்ந்து பார்க்க மாட்டார். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் பட்டையில் காயம் விழும், மண்டோர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஜனவரி கடைசியில் கெடாவில் மழை நின்றுவிடும். பால்மரத்து இலை சிவந்து, மார்ச்சுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஆறேழு வாரம் மட்டும் கிளைகளுக்கு நடுவே வானம் திறந்திருக்கும். அப்போதுதான் மிராஜின் முக்கோண இறக்கையை என் கண்ணால் பார்த்தேன்.

இலை கொட்டினால் பாலும் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். அம்மா கடைக்காரரிடம் பற்றுப் புத்தகத்தை நீட்டி நிற்கும் மாதங்கள் அவை. எனக்கு அவை விமானம் பார்க்கும் மாதங்கள். இரண்டும் ஒரே மாதங்கள்தான் என்பது வெகு காலம் எனக்கு உறைக்கவில்லை.

*

தங்கை மகன் சுங்கைப்பட்டாணியில் கணினி பழுது பார்க்கிறான். சனிக்கிழமை வந்தான்.

"மாமா, அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிப் புதுசுல போட்டுட்டா முடிஞ்சிச்சிலா."

"ஓடாதுடா தம்பி."

"போட்டுத்தான் பாப்போமே."

பதினான்கு ஜிகாபைட். ஒரு தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. அழுத்தினோம். ஒரு சாம்பல் பெட்டி வந்தது, ஏதோ ஒரு கோப்பு இல்லை என்றது, மூடிக்கொண்டது. அவன் மறுபடி அழுத்தினான். மறுபடி அதே பெட்டி.

காரணம் இருக்கிறது. சிமுலேட்டர் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை. தான் எங்கே குடியிருக்கிறேன் என்பதை விண்டோஸின் பதிவகத்தில் எழுதி வைத்திருக்கிறது. திரை எப்படி, மரம் எவ்வளவு அடர்த்தி, எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைவு ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. எந்த நாட்டு நிலத்துக்கு மேல் எந்த நிலக்காட்சியை விரிக்க வேண்டும் என்ற அடுக்கு வரிசை இன்னொரு மறைவிடத்தில். சேமித்த பயணங்களும் பதிவேடும் ஆவணங்கள் ஃபோல்டரில். தண்டைப் பிடித்துத் தூக்கினால் தண்டு மட்டும்தான் வரும். வேர் நான்கு பக்கமும் பழைய மண்ணுக்குள்ளேயே இருக்கும்.

அப்பா சில வருடம் தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தார். நல்லாப் பால் கொடுக்கிற கிழட்டு மரத்தை யாரும் பிடுங்கி வேறு இடத்தில் நடுவதில்லை. அதன் கிளையிலிருந்து ஒரு மொட்டை மட்டும் பட்டையோடு சீவி எடுப்பார்கள். இளங்கன்றின் தண்டில் பட்டையைக் கீறித் தூக்கி, அந்த மொட்டை உள்ளே வைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து அவிழ்த்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. பழுப்பு தெரிந்தால் அந்தக் கன்று வீண். பச்சை தெரிந்த கன்றின் தலையை மொட்டுக்கு மேலே வெட்டிவிடுவார்கள். அப்புறம் வளர்வது பழைய மரம்தான், வேர் மட்டும் புதுசு.

அன்று தங்கை மகனுக்கு இதைத்தான் சொன்னேன். சிமுலேட்டரை டிவிடியிலிருந்து புதிதாகப் போடுவோம். பழையதிலிருந்து மொட்டுகளை மட்டும் எடுப்போம்.

*

எதையெல்லாம் எடுப்பது என்று உட்கார்ந்து பார்த்தபோது பெரும்பாலானது தேவையே இல்லை என்று தெரிந்தது. பல வருடமாகச் சேர்த்து வைத்த விமானங்கள், பறக்காத ஊர்களின் நிலக்காட்சிகள், எதற்கோ இறக்கிய மேகப் படங்கள். பாதிக்கு என்ன பெயர் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

மிஞ்சியது கொஞ்சம். பொத்தான் அமைப்பு இருக்கும் ஒரு சிறு கோப்பு. பதிவேடு. சேமித்த பயணங்கள் முப்பத்தாறு, ஒவ்வொன்றோடும் அதன் வானிலைக் கோப்பு. இந்த இரண்டாவது கோப்பைப் பலர் விட்டுவிடுவார்கள். பயணக் கோப்பில் விமானம் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருந்தது என்பதுதான் இருக்கும். அன்றைக்குக் காற்று எப்படி அடித்தது, மேகம் எந்த உயரத்தில் நின்றது என்பதெல்லாம் வானிலைக் கோப்பில். அது இல்லாவிட்டால் அதே இடத்துக்குத் திரும்பிப் போகலாம், அந்த மாலைக்குப் போக முடியாது.

அமைப்புகள் இருக்கும் முதன்மைக் கோப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பழைய கணினியின் திரை அட்டைக்கு எழுதிய வரிகள் அதற்குள் இருக்கின்றன, புதியதற்குப் பொருந்தாது. அது இல்லையென்றால் சிமுலேட்டரே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

ஒரு பென்டிரைவில் எல்லாம் அடங்கிவிட்டது. பதினெட்டு வருடம், இரண்டு மெகாபைட்கூட இல்லை.

தோட்டத்தை விட்டு நாங்கள் கிளம்பிய அன்று லாரியில் பாதி இடம் காலியாகவே இருந்தது. அம்மா அம்மிக்கல்லையும் சாமி படங்களையும் ஏற்றினார். அப்பா பால் வெட்டும் கத்தியைப் பழைய சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுங்கைப்பட்டாணி தாமானில் அந்தக் கத்திக்கு ஒரு வேலையும் இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

*

ஜாய்ஸ்டிக்கை மாற்றப் போவதில்லை. முன்பு இருந்தது பதினைந்து முள் வைத்த கேம் போர்ட்டில் சொருகுவது. விஸ்டா வந்தபோது விண்டோஸ் அந்தப் போர்ட்டைக் கைவிட்டது, அதோடு அதுவும் போயிற்று. இப்போது இருப்பது யுஎஸ்பி. எந்தக் கணினியும் இதை ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் இதற்கும் வயதாகிவிட்டது. கை வைக்காமல் விட்டாலும் விமானம் மெல்ல இடப்பக்கம் மூக்கைத் திருப்புகிறது. உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன முள் உரசிக்கொண்டு ஓடுகிறது. பல ஆயிரம் தடவை உரசியதில் நடுவிடத்தில் தடம் தேய்ந்திருக்கும். திறந்து, தொடுமுனை சுத்தம் செய்யும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, முழு வீச்சுக்கு நாற்பது ஐம்பது தடவை திருப்பினேன். பிறகு விண்டோஸில் நடுவிடத்தை மறுபடி பழக்கிக் கொடுத்தேன். முழுசாகச் சரியாகவில்லை. மிச்சத்தை என் மணிக்கட்டு தானாகவே சமன் செய்துகொள்கிறது. இந்தப் பழக்கத்தை எந்த பென்டிரைவிலும் ஏற்ற முடியாது. அதனாலேயே ஜாய்ஸ்டிக் என்னோடு வருகிறது.

*

ஞாயிறு. மழை.

வெளியே வைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றைத் தங்கை மகன் இரவல் கொடுத்தான். புரோகிராம் ஃபைல்ஸ் என்ற இடத்தில் போடவில்லை. அங்கே போட்டால் விண்டோஸ் ஒவ்வொரு கோப்பிலும் கை வைக்க விடாமல் காவல் நிற்கும். சி டிரைவின் முதல் தட்டிலேயே தனி ஃபோல்டர் திறந்து அதில் போட்டேன். அப்புறம் 2007இல் வந்த இரண்டு திருத்தப் பொதிகள். முதலாவதைப் போட்டு ஒரு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் இரண்டாவது. மெனுவைப் பல தடவை திறந்தால் சிமுலேட்டர் செத்துப்போகும் என்பது பழைய நோய். அதற்கு விஸ்டா காலத்துக் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைப்பது பழைய வைத்தியம். அதையும் செய்தேன்.

புதுக் கணினியில் நினைவகம் 32 ஜிகாபைட். இந்தச் சிமுலேட்டர் 32 பிட் காலத்துப் பிறவி, நான்குக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. நான்கு நிறைந்தால் நின்றுவிடும். பக்கத்தில் இருபத்தெட்டு சும்மா கிடந்தாலும் கை நீட்டாது. இதை ஒரு குறையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு தட்டுச் சோறு. இரண்டாவது தட்டை எவ்வளவு வற்புறுத்தி நீட்டினாலும் கையைக் குறுக்கே வைத்து மூடிவிடுவார்.

முதல் தடவை திறந்ததும் அது நின்றது அமெரிக்காவில். வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரைடே ஹார்பர் என்ற சின்னத் தீவு ஊர். துணி இறக்கை கட்டிய ஒரு மூன்று சக்கர விமானத்தில் என்னை உட்கார வைத்திருந்தது. இந்தச் சிமுலேட்டரைப் புதிதாகப் போடும் எல்லாருக்கும் முதல் இடம் அதுதான். 2007இலும் அங்கிருந்துதான் தொடங்கினேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

*

சேமித்த பயணங்களில் ஒன்றை வருடத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் 9 அன்று மட்டும் திறப்பேன்.

1941 டிசம்பர் 8 அன்று சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தின் மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் சிங்கோராவைத் தாக்கக் கிளம்பின. சிங்கோரா என்பது இன்றைய சொங்க்லா. முதல் விமானம் எழும்பிய நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் தளத்துக்கு மேல் வந்துவிட்டன. தரையில் நின்ற மற்ற விமானங்கள் ஒன்றும் எழும்பவில்லை. எழும்பியதை ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப், வயது 28. திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தனியாகப் போனார். குண்டு போட்டுத் திரும்பும் வழியில் சுடப்பட்டார். இடது கை சிதைந்தது, முதுகில் காயம். கூட இருந்தவர்கள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரில் விமானத்தை வயிற்றால் இறக்கினார். உடன் வந்த இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவரைக் கொண்டுபோன அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவிதான் தாதி. அன்றே உயிர் பிரிந்தது. விக்டோரியா சிலுவை 1946இல் அறிவிக்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறார்.

சிமுலேட்டரில் பிளென்ஹைம் கிடையாது. அதனால் டக்ளஸ் டிசி-3ஐ எடுத்துக்கொள்வேன். சொங்க்லாவிலிருந்து அலோர் ஸ்டார் அறுபது கடல் மைல். டிசி-3இல் அரை மணிக்குக் குறைவு. அந்த அரை மணி நேரம் இடது கையை மடியில் வைத்துக்கொள்வேன். அது அஞ்சலியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒற்றைக் கையால் இறக்குவது எவ்வளவு கடினம் என்று என் கைக்குத் தெரியும்.

*

2014 மார்ச் 8க்குப் பிறகு சில மாதம் நான் பறக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேரோடு போன எம்எச்370 திரும்பித் தீபகற்பத்தைக் கடந்து, பினாங்குக்குத் தெற்கே போய், அப்புறம் காணாமல் போனது. விமானியின் வீட்டிலிருந்த சிமுலேட்டர் உலகச் செய்தியானது. வீட்டில் சிமுலேட்டர் வைத்திருப்பதே ஏதோ ஒளித்து வைத்த விஷயம் போலப் பேசினார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் என் மேசையைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்து ஜாய்ஸ்டிக்கின் மேல் போட்டு மூடினார். அதை நானும் எடுக்கவில்லை.

விமானம் மறைந்ததன் உண்மைக் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் 2018 ஜூலையில் வந்த அதிகாரபூர்வ அறிக்கை சொன்னது. அதற்கு மேல் யாரும் யாரைப் பற்றியும் பேசக் கூடாது என்பது என் எண்ணம். காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

*

தங்கை மகன் வீட்டில் 2020இல் வந்த புதிய சிமுலேட்டர் இருக்கிறது. அதில் தரை உண்மையான செயற்கைக்கோள் படம். "வாங்க மாமா, உங்க தோட்டத்தையே காட்டுறேன்" என்றான். போனேன்.

காட்டினான். பீடோங்கிற்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு அடியில் பறந்தோம். இரட்டைத் தண்டவாளம், நெடுஞ்சாலை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நான் பிறந்த இடத்தில் செம்பனை, மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாயில் புள்ளி குத்தியதுபோல வரிசை வரிசையாக. அதன் ஓரத்தில் வீடமைப்புப் பகுதி, ஆரஞ்சு ஓட்டுக் கூரைகள். லயம் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை, ஸ்டோர் இல்லை. இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட 11ஆம் எண் சண்டியை, அந்தப் பழங்காலக் கோயிலையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். லயத்தை யார் விட்டுவைப்பார்கள்?

இருபது நிமிடம் பார்த்தேன். அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. இருப்பதை இருப்பதுபோலக் காட்டுகிறது.

என்னுடைய பழைய சிமுலேட்டருக்குக் கெடாவைப் பற்றி அதிகம் தெரியாது. 2014இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலம் அதில் இல்லை. குனோங் ஜெராயின் உச்சி மழுங்கியிருக்கும். பீடோங்கைச் சுற்றி ஒரே பச்சைத் துணியை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கும். காடு என்று தெரியும், என்ன காடு என்று தெரியாது. அந்த அறியாமைதான் எனக்கு வேண்டும். அந்தப் பச்சைக்குள் நான் எதை வைத்தாலும் அது மறுப்பதில்லை.

*

2009ஆம் வருடம், ஆகஸ்டு மாதம், ஒரு சாயங்காலம். பினாங்கிலிருந்து கிளம்பியிருந்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருடம் வெட்டியவர், அப்போது கண் கொஞ்சம் மங்கியிருந்தது. வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை.

"எங்கப்பா நம்ம தோட்டம்?" என்றார்.

ஜெராயை இடப்பக்கம் வைத்து விமானத்தைச் சாய்த்து, கீழே தெரிந்த பச்சையைக் காட்டினேன். "இந்தா, இதுக்குள்ளதான்பா. நீங்க வெட்டுன நெரை இங்கதான் இருக்கும்."

வெகு நேரம் பார்த்தார். திரையில் மாலை வெயில் இறக்கையின் அடியில் மஞ்சளாக இருந்தது.

"மேல இவ்ளோ வெளிச்சமா இருந்திருக்கு" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. நான் P விசையை அழுத்தி விமானத்தை நிறுத்தி, அந்தப் பயணத்தைச் சேமித்தேன். அப்பா எழுந்து போய்க் கைகால் கழுவிவிட்டு விளக்கேற்றினார். இரண்டு வருடம் கழித்து அவர் தவறினார்.

அந்தக் கோப்பை அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. திறந்து பறந்துவிட்டால் அது முடிந்துபோன பயணமாகிவிடும் என்று ஒரு பயம்.

*

பினாங்கு ஓடுபாதையும் அலோர் ஸ்டார் ஓடுபாதையும் ஒரே எண் கொண்டவை, 04. காந்த வடக்கிலிருந்து வலப்பக்கமாக ஏறக்குறைய நாற்பது பாகை என்று அர்த்தம். பினாங்கில் 04இல் எழும்பி இடப்பக்கம் லேசாகச் சாய்த்தால் போதும், பட்டர்வொர்த்துக்கு மேலாக நேரே சுங்கைப்பட்டாணிக்குப் போய்விடலாம். அதற்கு அப்பால் வடக்கே திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். அலோர் ஸ்டாருக்கு நேர்க்கோடு போட்டால் அது ஜெராய்க்கு மிக அருகில் போகும். ஜெராய் 1,217 மீட்டர், விமானக் கணக்கில் நாலாயிரம் அடி. மேகம் இறங்கிய நாளில் அது இருப்பது தெரியாது. கிழக்கே ஒதுங்கிப் பீடோங்கின் மேலாகப் போவதுதான் புத்தி.

கடல் வழியாக வந்தவர்களுக்கு இதே மலைதான் அடையாளம். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்குக் கரை தெரிவதற்கு முன்பே ஜெராய் தெரியும். பழைய கெடாவான கடாரத்துக்கு வந்த வணிகர்களுக்கும், 1025இல் இராசேந்திர சோழன் அனுப்பிய படைக்கும் அதுதான் வழிகாட்டியிருக்க வேண்டும். அவர்கள் மலையை நோக்கி வந்தார்கள். நான் மலைக்கு ஒதுங்கிப் போகிறேன்.

*

செவ்வாய் இரவு. மழை விட்டிருந்தது.

பதிவேட்டைப் புதுக் கணினியில் அதன் இடத்தில் வைத்தேன். திறந்து பார்த்தேன். 2007இன் முதல் வரியிலிருந்து எல்லாம் இருந்தது. ஒட்டின் கட்டை அவிழ்த்து நகத்தால் சுரண்டும்போது அப்பா மூச்சை அடக்கிக்கொள்வார். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று பிறகுதான் உணர்ந்தேன்.

2009 ஆகஸ்டின் கோப்பைத் திறந்தேன். அந்தப் பயணத்தில் இருந்தது சிமுலேட்டரோடு கூடவே வரும் செஸ்னா 172. அதனால் தடங்கல் இல்லாமல் திறந்தது. இரவல் வாங்கிய விமானம் ஏதாவது இருந்திருந்தால் அதை முதலில் தேடிப் போட வேண்டியிருக்கும். திறந்த உடனே P விசையை அழுத்தி நிறுத்தினேன்.

உயரம் 3,200 அடி. ஜெராய் இடப்பக்கம். இறக்கை வலப்பக்கம் சாய்ந்தபடி. வானிலைக் கோப்பு வேலை செய்திருந்தது: அதே சிதறல் மேகம், மேற்கே அதே மஞ்சள் வெயில். பழைய கணினியில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்த காட்டு விளிம்பு புதியதில் கூர்மையாகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது. அதை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

பழைய கணினி அறையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு, மௌனம்.

P விசையை மறுபடி அழுத்தினேன். இறக்கையை நேராக்கி, வடக்கே திருப்பி, வயல்களின் மேலாக இறங்கி, அலோர் ஸ்டாரில் 04இல் இறக்கினேன். சக்கரம் இரண்டு தடவை குதித்தது. நிறுத்துமிடம் வரை ஓட்டிக்கொண்டு போய் இன்ஜினை அணைத்தேன்.

பதிவேட்டில் 1,312.6 மணி என்று இருந்தது 1,313.0 ஆனது.